மலை இழுத்த கண்ணாடி

தனுஜா கண்ணாடி ஒட்டும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது, முட்டுக்கல் தேயிலைத் தோட்ட டிவிசனில் பலர் அவள் பதுளையில் சாமி படத்துக்குப் பிரேம் போடும் கடை எதிலோ சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள். அவளுடைய அக்கா விஜயலெட்சுமியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒரு தீபாவளிக்கு வந்திருந்த தனுஜா பையிலிருந்து ஒரு துண்டு கேபிளை எடுத்து, கறுப்புத் தோலை உரித்து, உள்ளேயிருந்த வண்ண இழைகளில் ஒன்றைப் பிரித்து அக்காவின் கையில் கொடுத்தாள். நூல் என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு மெல்லியது. விஜயலெட்சுமி அதை விரலில் சுற்றிப் பார்த்தாள். முறியவில்லை. இது கண்ணாடி என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டாள்.

கொழும்பில் ஹோட்டல் வேலை செய்யும் மச்சானோடு நீ பேசுவது, பிள்ளைகள் போனில் படம் பார்ப்பது எல்லாம் டவர் வரைக்கும்தான் காற்றில் போகிறது, அங்கிருந்து கீழே இந்தக் கண்ணாடிக்குள் வெளிச்சமாக ஓடுகிறது என்று தனுஜா விளக்கினாள். அக்கா தலையாட்டிவிட்டு, வடைக்கு உளுந்து ஆட்டப் போய்விட்டாள்.

நமுனுகுல மலையின் சரிவில் இருக்கிறது முட்டுக்கல். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். பணிய லயம் கீழே, ரோட்டோரம். மேல் லயம் தேயிலைக்கு நடுவில், செங்குத்தான மண்மேட்டை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒற்றை வரிசை. அக்காவும் தங்கையும் பிறந்தது அந்த மேல் லயத்தில்தான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அங்கே அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவில் அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். தனுஜா பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, மபாஸ் என்பவரின் சிறிய நிறுவனத்தில் சேர்ந்து, டவுனிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பெரிய தொலைபேசிக் கம்பெனிகளுக்குக் கேபிள் இழுத்துக் கொடுப்பதும், பழுது பார்ப்பதும் மபாஸின் தொழில். கேபிள் அறுந்தால் இழைகளின் நுனிகளை நேராக வெட்டி, சின்ன இயந்திரமொன்றில் எதிரெதிரே வைத்து, மின்பொறியில் உருக்கி ஒன்றாக்குவது தனுஜாவின் வேலை. வெட்டு கோணலாக இருந்தால் வெளிச்சம் கசியும். தூசி இருந்தாலும் கசியும். அவள் போட்ட இணைப்புகளில் கசிவு குறைவு என்று மபாஸ் எல்லோரிடமும் சொல்லுவார்.

முட்டுக்கல்லுக்கு மேலே டவர் வந்தபோது அதற்கான கேபிளையும் மபாஸின் ஆட்கள்தான் போட்டார்கள். தேயிலைக்குள் கம்பம் நடத் தோட்ட நிர்வாகம் விடவில்லை. அதனால் மேல் லயத்துக்குப் பின்னால், மேட்டின் தோளில் போகும் பழைய பாதையோரம் பள்ளமாகக் கான் வெட்டிப் புதைத்தார்கள். பாதை வளையும் இடத்தில் ஒரு கொங்கிரீட் பெட்டி. அதற்குள் கேபிளில் ஒரு பகுதியைச் சுற்றிச் சுருளாக விட்டிருந்தாள் தனுஜா. பின்னொரு நாள் அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்கு உபரி வேண்டும், அதற்காக.

டவர் வந்ததில் எல்லோருக்கும் சந்தோசம். அதற்கு முன் போன் பேச வேண்டுமென்றால் கோயில் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் அந்த டவரைப் பற்றி முறைப்பாடு வந்தது. இழுபடுகிறது, விட்டுவிட்டுப் போகிறது என்றார்கள். தனுஜா சோதனைப் பெட்டியோடு போனாள். இழையின் ஒரு முனையில் வெளிச்சத்தை அனுப்பினால், வழியில் எங்கெங்கே எவ்வளவு குறைகிறது என்று அந்தப் பெட்டி திரையில் கோடாக வரைந்து காட்டும். கோடு சீராகச் சரிந்து வந்து, மேல் லயத்துக்கு நேர் மேலே ஓர் இடத்தில் படிக்கட்டுப் போலக் கீழே இறங்கியிருந்தது. எலி கடித்திருக்கும், இல்லாவிட்டால் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் பாதையில் ஏறினாள்.

கேபிளில் காயம் எதுவும் இல்லை. ஆனால் கொங்கிரீட் பெட்டியின் மூடியைத் திறந்தபோது அவளுக்கு விளங்கவில்லை. தளர்வாகச் சுற்றி விட்டிருந்த சுருளைக் காணோம். கேபிள் பெட்டியின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நேர்கோடாக, விறைத்துக்கொண்டு நின்றது. விரலால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. மண்ணுக்குள் புதைந்த கேபிளை ஒருவர் இழுத்துவிட முடியாது. லொறியைக் கட்டி இழுத்தாலும் இப்படி வராது.

பாதையில் சற்றுத் தூரம் நடந்து பார்த்தாள். பெரணிச் செடிகளை விலக்கியபோது, பாதையின் நீளத்துக்கு நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடுவது தெரிந்தது. கால் நுழையும் அகலம். அதற்குக் கீழ்ப்பக்கத்துத் தேயிலை முழுவதும் கொஞ்சம் இறங்கியிருப்பது போல் இருந்தது. போல்தான். அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

மபாஸுக்குப் போன் எடுத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி, டவர் டவுனா ஈக்க ஏலாது. இன்னொரு சுத்து கூட விட்டு ஜொயிண்ட போட்டுட்டு வாங்க. மத்தத பொறகு பாப்பம்" என்றார். அவள் புதுக்கேபிள் சேர்த்து, தாராளமாகச் சுருள் விட்டு, இணைப்பைப் போட்டாள். கோடு சீரானது. டவர் வேலை செய்தது.

அடுத்த பெருமழைக்குப் பிறகு அவளாகவே போய் மூடியைத் திறந்தாள். புதுச் சுருளிலும் பாதியை மண் விழுங்கியிருந்தது.

அன்று அவள் அக்காவின் காம்பராவுக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாள். அடுப்படிச் சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு. தோட்டத்தில் வந்து சீமெந்து பூசினார்கள், மறுபடி வெடித்தது, மறுபடி பூசினார்கள் என்றாள் விஜயலெட்சுமி. எந்தக் காம்பராவில்தான் வெடிப்பு இல்லை என்றும் கேட்டாள். அதுவும் உண்மைதான். நூறு வருசத்துக்கு மேலான சுவர்கள்.

தோட்ட ஆபீசில் தனுஜா சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். மேனேஜர் துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மாவட்டத்தில் மண்சரிவு விசயங்களைப் பார்க்கும் ஓர் அதிகாரியைத் தேடிப் போனாள். அவர் அலட்சியம் செய்யவில்லை. மறுநாளே வந்து பாதை நெடுகிலும் நடந்தார். வெடிப்புக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். பெட்டிக்குள் விறைத்து நின்ற கேபிளைத் தொட்டுப் பார்த்தார். இந்தச் சரிவு ஆபத்தான இடம் என்று தங்களுக்கு முன்பே தெரியும் என்றார். மேல் லயத்துக்குப் புது வீடு கட்ட இடம் குறித்து எத்தனையோ காலமாகிறது, இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

தனுஜா அவரிடம், எப்போது விழும் என்று கேட்டாள்.

"நாளைக்கும் விழலாம். இப்படியே இருபது வருசம் மெல்ல மெல்ல ஊர்ந்துக்கிட்டும் இருக்கலாம். ஒங்க கண்ணாடி அது அசையிறதைச் சொல்லுது. எப்ப விழும்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார் அவர். ஜீப்பில் ஏறும் முன் திரும்பி, என் வீடு இங்கே இருந்தால் இந்த வாரம் நான் இதற்குள் படுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தனுஜா மேல் லயத்துச் சனங்களைக் கோயிலடியில் கூட்டினாள். கேபிள் துண்டைக் காட்டினாள். கண்ணாடி எப்படி இழுபடுகிறது, வெளிச்சம் எப்படிக் குறைகிறது, சுருளை மண் எப்படி இழுத்துக்கொண்டது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவள் லயத்துப் பிள்ளை, படித்தவள், ஆபீசரும் வந்து போயிருக்கிறார். சனங்கள் பாயையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு பணிய லயத்துக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

மழை அன்று மாலையே விட்டுவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் வெயில் அடித்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் போதவில்லை, கக்கூசுக்கு வரிசை, பிள்ளைகளுக்கு இருமல். பிரதேச செயலகத்திலிருந்து வந்த பார்சல் சோறு முதல் நாளோடு நின்றது. மலை அசையாமல் நின்றது.

அந்த நாட்களில்தான் பாக்கியலெட்சுமியின் மாடு செத்தது. பாக்கியலெட்சுமி மேல் லயத்தின் கடைசிக் காம்பராக்காரி. அவள் கணவர் வீரய்யாவுக்குத் தேயிலை ஃபேக்டரியான ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பசு, அதன் கன்று, இரண்டும்தான் அவளுக்கு எல்லாம். பள்ளிக்கூடத்துக்கு மாட்டைக் கொண்டுவர அதிபர் சம்மதிக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்திருந்தாள். ஆளில்லாத இடத்தில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, கானுக்குள் வழுக்கி விழுந்து, கழுத்து மடங்கிக் கிடந்தது. காலையில் புல் அறுத்துக்கொண்டு போன பாக்கியலெட்சுமிதான் கண்டாள்.

அவள் அழுதுகொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் தனுஜாவிடம் பேசினாள். சத்தம் போடவில்லை. "ஒன் கண்ணாடிய நம்பி வந்தேன் பிள்ள. இனிமே என்னைய கூப்பிடாத" என்றாள்.

அன்றே பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் லயத்துக்குத் திரும்பினார்கள். வேலைக்குப் போகாமல் பேர் போன நாட்களுக்கு யார் சம்பளம் தருவது என்று சிலர் கேட்டார்கள். இளந்தாரிகள் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தார்கள். விஜயலெட்சுமிக்குத்தான் அதிகம் அடிபட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அவள் காது படவே பேசினார்கள். பதுளையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கே வந்து ஏன் சனங்களைக் கலைக்கிறாய் என்று தங்கையிடம் கேட்டாள். பிறகு தனுஜாவின் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

தனுஜா வேலைக்குப் போனாள். அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் போய் இணைப்புகள் போட்டாள். ஆனால் முட்டுக்கல் டவருக்குப் போகும் கேபிளில் வேலைக்கு எடுக்காத இழைகள் சில இருந்தன. பதுளையில் அந்தக் கேபிள் வந்து சேரும் அறையில், அந்த வெற்று இழைகளில் ஒன்றில் சோதனைப் பெட்டியைப் பொருத்திப் பார்க்க மபாஸிடம் அனுமதி கேட்டாள். கம்பெனிக்காரன் பார்த்தால் ஏசுவான், பார்க்காத நேரமாய்ப் பாருங்கள் என்றார் அவர். வேலை முடிந்து போகும்போதெல்லாம் அவள் அந்த அறைக்குப் போய்க் கோட்டைப் பார்ப்பாள். மழை பெய்தால் படி கொஞ்சம் பெரிதாகும். வெயில் அடித்தால் அப்படியே நிற்கும். அது ஒருபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கார்த்திகைக் கடைசியில் கடலில் உருவான புயல் ஒன்று நாட்டுக்குள் வந்தது. பதுளையில் இரவும் பகலும் தெரியாமல் மழை ஊற்றியது. முதியங்கனை விகாரைப் பக்கம் வெள்ளம் ஏறியது. கடைகளைப் பூட்டினார்கள். மத்தியானம் தாண்டி தனுஜா நனைந்தபடி கேபிள் அறைக்கு ஓடினாள். சாமான்களை மேலே தூக்கி வைக்க மபாஸும் அங்கே வந்திருந்தார்.

பெட்டியைப் பொருத்தினாள். கோடு வந்தது. முட்டுக்கல்லின் படி, அதுவரை அவள் பார்த்ததைவிட இரண்டு மடங்கு இறங்கியிருந்தது. மறுபடி வெளிச்சம் அனுப்பினாள். இன்னும் இறங்கியது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் நடந்தது இப்போது அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் அந்த இடம் ஆழமாகிக்கொண்டே போனது. மண்ணுக்கடியில் அந்தக் கண்ணாடி எங்கேயோ ஒரு விளிம்பில் மடங்கி, இழுபட்டு, உள்ளே ஓடும் வெளிச்சத்தை வெளியே கசியவிடுகிறது. அவ்வளவு மெல்லியது அவ்வளவு தூரம் தாங்குவதே பெரிய விசயம் என்று அவளுக்குத் தெரியும். விட்டுப் போகும்போது அது முன்னறிவிப்புத் தராது என்பதும் தெரியும்.

போனைக் கையில் எடுத்தவள் அழுத்தாமல் நின்றாள். பாக்கியலெட்சுமியின் முகம் வந்தது. அக்காவின் குரல் வந்தது. இதுவும் பொய்த்தால் அந்த லயத்துப் படியை இனி மிதிக்க முடியாது. மழை விட்டுவிடுமோ என்று அவள் ஜன்னலைப் பார்த்ததை மபாஸ் கண்டார்.

"எடுங்க தங்கச்சி. பொய்யாப் போனா ஏசுவாங்க. ஏசட்டும்" என்றார்.

அவளுடைய குரலும் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் போக வேண்டும். முட்டுக்கல்லுக்கு வேறு டவர் இல்லை. அக்கா எடுக்க மாட்டாள் என்றே நினைத்தாள். கனநேரம் மணி அடித்தபிறகு மறுமுனை திறந்தது. கூரைத்தகரத்தில் மழை விழும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா, வெளிய போ. பிள்ளைகள தூக்கிக்கிட்டு இப்பவே வெளிய போ."

"என்னடி தனு..." என்றது விஜயலெட்சுமியின் குரல். பிறகு ஒன்றுமில்லை. தனுஜா திரையைப் பார்த்தாள். கோடு முட்டுக்கல்லுக்கு மேலே வந்து, அந்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. இழை அறுந்துவிட்டது. டவரும் போய்விட்டது. அவள் திரும்பத் திரும்ப அழுத்தினாள். தொடர்புகொள்ள முடியவில்லை என்ற பதிவுக் குரல் மூன்று மொழியிலும் வந்தது.

மபாஸ் வேனை எடுத்தார். அவசரச் சேவை இலக்கத்துக்கு வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனார்கள். ஊர் முழுக்க எங்கெங்கோ மண் சரிந்திருந்தது. எல்லா இடத்துக்கும் ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பாதையில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓரிடத்தில் ரோட்டையே காணோம். வேனை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி நடந்தார்கள். மபாஸுக்கு முழங்கால் வருத்தம். அவர் இடையிடையே நின்று மூச்சு வாங்கி, நீங்க போங்க தங்கச்சி, நான் வாரேன் என்பார். பிறகு பின்னாலேயே வருவார். தனுஜா வழியெல்லாம், அக்கா முழுவதும் கேட்டாளா, கேட்டதை நம்பினாளா என்று தனக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

பொழுது மங்குகிற நேரத்தில் பள்ளிக்கூடத்தை அடைந்தார்கள். வராந்தா நிறைய ஆட்கள். ஈரச்சீலையோடு, கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். விஜயலெட்சுமி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு, தூணோடு சாய்ந்திருந்தாள். தங்கையைக் கண்டதும் அவள் அழவில்லை. தனுஜாவின் நனைந்த தலையைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டாள்.

நடந்ததைப் பிறகுதான் சொன்னாள். போன் அறுந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு ஓடிவந்து, வரிசையிலிருந்த ஒவ்வொரு கதவையும் உதைத்திருக்கிறாள். பின்னாலிருந்த மண்மேட்டில் தண்ணீர் செம்மண் குழம்பாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டு சிலர் ஓடினார்கள். சிலர் அவள் கத்துவதைப் பார்த்துப் பயந்து ஓடினார்கள். மறுபடி ஆரம்பித்துவிட்டாயா என்று சண்டை பிடிக்க அவள் பின்னாலேயே வந்தவர்களும் இருந்தார்கள். ஏசிக்கொண்டே வந்தவர்கள் பணிய லயத்தை அடைந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மேல் லயத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது.

கடைசிக் காம்பராவின் கதவையும் விஜயலெட்சுமி தட்டியிருக்கிறாள். பாக்கியலெட்சுமி கதவைத் திறக்காமல், நீ போடி, நான் வரல என்றிருக்கிறாள். நின்று கெஞ்ச நேரம் இருக்கவில்லை. வீரய்யா அந்நேரம் ஸ்டோரில் இருந்தார்.

"மொத தடவ நீ அவ்வளவு வெளக்கமா சொன்ன. இந்தத் தடவ ஒரு வெளக்கமும் சொல்லல. அதான் பயந்துட்டேன்" என்றாள் விஜயலெட்சுமி.

பாக்கியலெட்சுமியை இராணுவத்தாரும் தோட்டத்து ஆட்களும் தேடினார்கள். கிடைக்கும்வரை வீரய்யா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மண்வெட்டியைப் பிடுங்கி உட்கார வைத்தாலும் எழும்பி வந்துவிடுவார்.

இதற்கிடையில் டவரை எப்படியாவது எழுப்பித் தர வேண்டுமென்று கம்பெனியிலிருந்து மபாஸுக்கு அழைப்பு வந்தது. தேடுகிறவர்களுக்கும் தொடர்பு இல்லை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று வெளியூரிலிருக்கும் உறவுக்காரர்களுக்கும் தெரியவில்லை. வேறு ஆளை அனுப்பவா என்று மபாஸ் கேட்டார். தனுஜா வேண்டாம் என்றாள். சரிவுக்கு வெளியே மூங்கில் நட்டு, அதன்மேல் புதிய கேபிளைச் சுற்றுவழியாகக் கொண்டுபோனார்கள். தார்ப்பாய்க்குக் கீழே குந்தியிருந்து அவள் இழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், வெட்டினாள், உருக்கி ஒட்டினாள். கொஞ்சம் தள்ளி மண்வெட்டிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றபோது அவளுக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த இழையை முடிக்காமல் எழும்ப முடியவில்லை. முடித்துவிட்டுப் போனாள்.

பாக்கியலெட்சுமி காம்பராவுக்குள் இருக்கவில்லை. பின்பக்கத்து மாட்டுக்கொட்டிலடியில் கிடந்தாள். ஏன் வெளியே வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஓடுவதற்காக வந்தாளா, வழக்கம்போலப் புல் போட வந்தாளா?

அடக்கம் முடிந்தபிறகு வீரய்யா, தனுஜா வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கு வந்தார். அவர் வருவதைக் கண்டு அவள் எழுந்து நின்றாள். ஏசுவார் என்றுதான் நினைத்தாள். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒட்டும் இயந்திரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"கன்னு தப்பிச்சிருச்சு தங்கச்சி. பணிய லயத்துக்குக் கீழ, தேயிலைக்குள்ள நின்னுச்சு. கயிறு அறுபடல. முடிச்ச அவுத்து விட்டிருக்கு" என்றார்.

அவர் சரிவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவ நம்பியிருக்கா. நம்பாமலா அவுத்து விடுவா? நீ சொன்னத அவ கடைசில நம்பித்தான் இருக்கா."

அவர் அதை அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார், அல்லது தனக்கு. தனுஜாவுக்கு அது ஆறுதலாக இல்லை. நம்பியது உண்மையென்றால், முதல் தடவை தன் பேச்சைக் கேட்டுப் பசுவை இழந்ததால்தான் இரண்டாம் தடவை அந்தக் கொஞ்ச நேரம் தாமதித்தாள். முதல் தடவை வாய் திறக்காமல் இருந்திருந்தால், இரண்டாம் தடவை சொன்னதும் எல்லோருக்கும் முன்னால் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்திருப்பாளோ? அல்லது அப்போது தன்னை யாரும் கேட்டேயிருக்க மாட்டார்களோ? இதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஆமாண்ணே" என்றாள். அவர் எழுந்து போனார்.

அன்று மாலை டவர் உயிர் பெற்றது. பள்ளிக்கூடத்திலிருந்த போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒலிக்கத் தொடங்கின. கொழும்பிலிருந்து கணவனின் குரலைக் கேட்டபோதுதான் விஜயலெட்சுமி முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

இப்போது அவளும் பிள்ளைகளும் தனுஜாவின் அறையில் இருக்கிறார்கள். இடம் போதாது. மேல் லயத்துச் சனங்களில் மற்றவர்கள் கோயில் மண்டபத்திலும், உறவுக்காரர் காம்பராக்களிலும், கூடாரங்களிலும் இருக்கிறார்கள். புது வீட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த அதிகாரி ஒருநாள் தனுஜாவைக் கூப்பிட்டு, பக்கத்துச் சரிவுகள் சிலவற்றில் வேண்டுமென்றே கண்ணாடிக் கேபிள் புதைத்து மண் அசைவதைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம், நீங்கள் உதவ முடியுமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். அது எப்போது நடக்கும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எப்போது சனங்கள் அங்கிருந்து எழும்ப வேண்டும் என்பதைக் கண்ணாடியா சொல்லப் போகிறது, அதைச் சொல்வது யார் என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய இலக்கம் எப்படியோ எங்கும் பரவிவிட்டது. மழை பெய்தால் போன் அடிக்கும். முட்டுக்கல்லில் மண் விழப்போவதைக் கண்டு சொன்ன தங்கச்சி நீங்கதானா என்று கேட்பார்கள். தெமோதரையிலிருந்து, பசறையிலிருந்து, பெயர் தெரியாத டிவிசன்களிலிருந்து. எங்கள் மலை எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். அங்கெல்லாம் அவளுடைய கேபிள் எதுவும் இல்லை. இருக்கிற கேபிளும் கம்பத்தில் போகிறது. கம்பத்தில் போகிற கண்ணாடிக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை விளக்க ஆரம்பத்தில் முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

போன கிழமை ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. மழை சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று தனுஜா கேட்டாள். இருக்கு என்றாள் அந்தப் பெண். பெரிசாகுதா? தெரியலீங்க, ஆகுற மாதிரி இருக்கு. மேட்டிலிருந்து தண்ணீர் வருகிறதா? வருது, எப்பவும் வர்றதுதான், இன்னைக்குக் கொஞ்சம் கலங்கலா வருது.

தனுஜாவுக்கு அந்த மேட்டைத் தெரியாது. பக்கத்தில் பாயில் படுத்திருந்த அக்கா தலையை உயர்த்தி அவளைப் பார்த்தாள்.

"வெளிய போங்க. மாடு கன்னு இருந்தா அதையும் இப்பவே அவுத்து ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் தனுஜா.

"ஒண்ணும் நடக்காட்டி?"

"நடக்காட்டி என்னைய ஏசுங்க."

அந்தப் பெண் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கேட்டது. வீட்டுக்காரர் வரட்டும், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவள் பெயரைக் கேட்க மறந்துபோனது தனுஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதே இலக்கத்தைத் திருப்பி அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் காதிலிருந்து போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.